ஏரிக்கரைத் திருப்பத்துப் பாட்டு

என் நைனாவுக்கு,

கையில் இன்னும் ஸ்பிரிட் வாசனை போகாத உன் மகள் ரோசலியின் முத்தங்கள். காரின் பாட்டுச் செட்டைத் துடைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், உன் செட்டைத் தொட்டேன். தொட்டேன், கழற்றினேன், குடலை வெளியே எடுத்துப் போட்டு மறுபடி உள்ளே வைத்து மூடினேன். திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் கல்லறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அம்மா சாமந்திப் பூவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றினால் எனக்கு அழுகைதான் வரும், பேச்சு வராது. இந்த வருஷம் உன்னிடம் பீற்றிக்கொள்ள ஒரு சேதி இருக்கிறது. அழுதுகொண்டே பீற்றிக்கொள்ள முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இதை வேறு நாலு பேரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை ரோட்டில் வந்து நம் ஊருக்குத் திரும்பினால் முதலில் ஏரிக்கரை. கரைமேல் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் வரும் வண்டி எதிர்க்கரையில் இருக்கும் நம் தெருவுக்குச் சின்னதாகத் தெரியும், உள்ளே இருப்பவர் யார், எப்படி இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் சத்தம் தண்ணீர்மேல் தடையில்லாமல் போய் வீட்டு வாசலில் ஏறும்.

ஊரில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் உன்னுடைய உருண்டை முதுகு வெள்ளை வண்டி. பாம்பு கடித்தவன், பிரசவ வலி எடுத்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் என்று எல்லோரையும் திண்டிவனத்துக்கும் பாண்டிக்கும் அதில்தான் அள்ளிக்கொண்டு ஓடினாய். பிழைத்த ஆளோடு திரும்பும்போது அந்தத் திருப்பத்தில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, செட்டில் நாயனக் கேசட்டைப் போடுவாய். பிழைக்காவிட்டால் போடமாட்டாய். யாரும் கூடிப் பேசி முடிவு செய்த வழக்கம் இல்லை இது. ஆனாலும் பாட்டு கேட்டால் எதிர்க்கரையில் உலை வைத்தார்கள், கேட்காவிட்டால் அடுப்பை அணைத்தார்கள்.

ஏன் நாயனம் என்று ஒருமுறை கேட்டேன். மாதா பாட்டுப் போட்டால் கீழ்த்தெருவில் முகம் சுளிப்பார்கள், முருகன் பாட்டுப் போட்டால் உங்க அம்மாவே சண்டைக்கு வருவாள் என்றாய். நாயனத்தில் வார்த்தை கிடையாது, அதனால் வம்பும் கிடையாது என்பது உன் கண்டுபிடிப்பு. ஊரில் எத்தனையோ பஞ்சாயத்து நடந்திருக்கிறது, அந்தக் கேசட்டைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு வந்ததில்லை.

செட்டை நீ யாரையும் தொடவிட்டதில்லை. வண்டியைக் கழுவ விடுவாய், டயர் மாற்ற விடுவாய், எனக்கு ஸ்டியரிங்கையே கொடுத்தாய். செட்டுப் பக்கம் விரல் போனால் மட்டும், "ஏய், கைய எடு! அது கொழந்த மாதிரி" என்பாய். "கொழந்தன்னா பெத்தவ கையில குடுக்க மாட்டியா?" என்று அம்மா கேட்டாள். அப்போதும் நீ கொடுக்கவில்லை.

பிறகு நீ போனாய். நம் வீட்டுக் கட்டிலிலேயே, தூக்கத்திலேயே. உனக்காக ஏரிக்கரைப் பக்கம் யாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த தம்பி ஆரோக்கியம், காரியம் முடிந்த கையோடு வண்டியை விற்றுவிடலாம் என்றான். நான் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "இன்னாக்கா, நீ ஓட்டப் போறியா?" என்றான். "பின்ன, நீயா ஓட்டப் போற?" என்றேன். அவனுக்கு இன்றுவரை கியர் விழாது என்பது உனக்கே தெரியும்.

ஓட்டினேன். ஆனால் செட்டை உன் பேச்சை மதித்துத் தொடவே இல்லை. நீ வைத்துவிட்டுப் போன கேசட் உள்ளேயே கிடந்தது. தேவைப்பட்ட நாளில் பொத்தானை அழுத்தினேன், பாடியது. பாடுகிறவரை யார்தான் உள்ளே திறந்து பார்க்கிறோம்?

இப்போது கோவிந்தசாமி பெரியப்பா கதைக்கு வருகிறேன். உன்னோடு ஒரே பீடிக்கட்டைப் பங்கு போட்ட மனிதர். போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவருக்குக் குடலில் கோளாறு வந்து பாண்டியில் ஆபரேஷன் ஆனது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே இழுபறி. "ஒண்ணும் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னது ஊருக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் தேறிவிட்டார் என்பது வந்து சேரவில்லை. கெட்ட சேதிக்கு இருக்கிற கால் நல்ல சேதிக்கு ஏது?

ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். போன இடத்தில், இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா போனில் சார்ஜ் இல்லை. அவர் பின்சீட்டில் பெரியம்மா மடியில் தலைவைத்துப் படுத்துத் தூங்கட்டும் என்று நான் என் போனைச் சத்தமில்லாமல் செய்து டேஷ்போர்டு அறைக்குள் போட்டேன். தையல் பிரியக்கூடாதே என்று மெதுவாக, மாட்டு வண்டி மாதிரி ஓட்டிவந்தேன்.

ஏரிக்கரைத் திருப்பம் வந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். பாட்டு வரவில்லை. மறுபடி அழுத்தினேன், சின்ன விளக்குகூட எரியவில்லை. தட்டினேன், குத்தினேன், மாதாவைக் கூப்பிட்டேன். வண்டி திருப்பத்தைக் கடந்துவிட்டது.

எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? பாண்டிக்குப் போன வண்டி வருகிறது. பாட்டு இல்லை. நத்தை மாதிரி வருகிறது. பின்சீட்டில் குனிந்த தலை ஒன்று மட்டும் தெரிகிறது. இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? நான் கரையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைவதற்குள் வாசலில் பெஞ்சு போட்டாகிவிட்டது. மூங்கிலுக்கு ஆள் போயாகிவிட்டது. பெரியப்பாவின் தங்கை காசியம்மா தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியில் மூன்றாவது அடிக்கு வந்திருந்தாள்.

"இன்னாடி ரோசலி, நம்ம வூட்டாண்ட கூட்டமா இருக்குது?" என்றாள் பெரியம்மா.

சத்தத்தில் பெரியப்பா விழித்துக்கொண்டார். ஜன்னல் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "எவன்டா செத்தது?" என்றார்.

தெரு அப்படியே நின்றது. அவரோ காசியம்மாவைப் பார்த்துவிட்டார். "எனக்கா ஒப்பாரி வெக்கிற? நல்லாத்தான் இருக்குது, நிறுத்தாத. உசுரோட இருக்கசொல்ல ஒரு வாய் காபி குடுத்தியாடி நீ?" என்றார். அவ்வளவுதான், பாதிப் பேர் அழுகையோடே சிரிக்க ஆரம்பித்தார்கள். நீ இருந்திருந்தால் வண்டியைக் குத்திக் குத்திச் சிரித்திருப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசியம்மா கொண்டையை முடிந்துகொண்டு நேராக என்னிடம் வந்தாள். "பாட்டு இன்னாடி ஆச்சு?" என்றாள். "செட்டு வேல செய்யல அத்த" என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர், யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, "மரியசூசையோட அந்தப் பாட்டும் போச்சுப்பா" என்றார்.

உன் பேரைச் சொல்லி அப்படி ஒரு பேச்சு வந்ததே, அதுதான் நைனா என்னைக் குத்தியது. என்னைச் சொன்னால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று விட்டுவிடுவேன். இனி அந்தத் திருப்பத்தில் பாட்டு கேட்டாலும் நம்பமாட்டார்கள், கேட்காவிட்டாலும் நம்பமாட்டார்கள். இத்தனை வருஷம் நீ சேர்த்து வைத்த நம்பிக்கை ஒரு பொத்தானில் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவராமல் உன் வண்டியை நான் ஓட்டி என்ன, ஓட்டாமல் என்ன?

செஞ்சிக்கு ஓட்டினேன். கார் செட்டு மாட்டும் கடைக்காரர் எட்டிப் பார்த்த உடனே, "தூக்கிப் போடும்மா, டச் ஸ்கிரீன் மாட்டித் தரேன்" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு புதுக் காரில் போட்டும் காட்டினார். முதலில் ஒருத்தி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், அப்புறம் பாட்டு வந்தது, பாதியில் லோன் வேண்டுமா என்று கேட்டு அவர் போனுக்கு ஒருத்தி அழைத்தாள், பாட்டு நின்றுவிட்டது. யோசித்துப் பார், ஏரிக்கரைத் திருப்பத்தில் ஊரே காது கொடுத்து நிற்கும்போது லோன் வேண்டுமா என்று ஒருத்தி கேட்டால் அதைவைத்து ஊர் என்ன முடிவுக்கு வரும்? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பகலில் வாசலில் கட்டிலைப் போட்டு, பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, செட்டை வெளியே இழுத்தேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அந்த மனுசன் என்னயே தொட வுட்டதில்ல, பாத்துடி" என்றாள். பின்னால் திருப்பினேன். அப்போதுதான் நைனா, உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது.

ஒயருக்கு ஒயர் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி! ஒவ்வொரு சவாரியின்போதும் நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருப்பாய் போலிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் ஒயர் எட்டாமல் போன இடத்தில் மெல்லிய சங்கிலி ஒன்றை முறுக்கி இணைத்திருந்தாய். அம்மா குனிந்து பார்த்தாள், முகம் மாறியது. "அய்யோ, இது என் செபமால! வேளாங்கண்ணில நான் தொலச்சிட்டேன்னு என்னயத் திட்டினாரே அந்த மனுசன்!" என்றாள். அன்று முழுக்க உன்னைத் திட்டினாள், நடுநடுவே சிரித்தாள், அப்புறம் உன் போட்டோவுக்கு முன்னால் போய் நின்று மறுபடி திட்டினாள். யாரையும் ஏன் தொடவிடவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அன்றுதான் விளங்கியது.

கோளாறு பெரிதாக ஒன்றும் இல்லை. முன் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே கசிந்திருக்கிறது. அது சொட்டிச் சொட்டி, செட்டுக்குக் கரண்டு வரும் ஒயரில் இருந்த கண்ணாடி ஃபியூஸின் கூட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கூட்டை மாற்றினேன், அதே அளவு ஃபியூஸ் போட்டேன். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி ஓட்டலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். வண்டி பற்றி எரிந்தால் அவரா அணைப்பார்? ரப்பரையும் மாற்றினேன். பிளாஸ்திரியெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை ஒயரைவிட என் விரல்தான் அதிகம் பற்றியது.

விளக்கு எரிந்தது, பாட்டும் வந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து ஊதுவதுபோல் நாயனம் மங்கலாகக் கேட்டது. வருஷக்கணக்கில் கேசட் நாடா உரசுகிற ஹெட்டில் பழுப்பு அழுக்கு அப்பியிருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, அழுத்தாமல் துடைத்தேன். நாடாவை இழுத்துப் போகும் குட்டி ரப்பர் உருளையையும் துடைத்தேன். குச்சிக்குமேல் குச்சியாகக் கறுத்தது. கடைசிக் குச்சி வெள்ளையாகவே திரும்பிய பிறகு கேசட்டைப் போட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "இதுல தவுல் கூட இருக்குதா?" என்றாள். உன் காலத்திலேயே தவில் அழுக்கில் மூழ்கிவிட்டிருந்தது நைனா. நீ அதைக் கேட்டே பல வருஷம் ஆகியிருக்கும்.

ஊருக்குத் தெரியாமல் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். தேறி நடமாட ஆரம்பித்திருந்த பெரியப்பாவைப் படித்துறையில் நிற்கச் சொல்லி, பாட்டு கேட்டால் துண்டை ஆட்டச் சொன்னேன். திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, பொத்தானை அழுத்தினேன். நாயனமும் தவிலும் சேர்ந்து தண்ணீர்மேல் போனது. எதிர்க்கரையில் துண்டு ஆடியது. கூடவே நாலைந்து வீட்டிலிருந்து ஆட்கள் வெளியே ஓடிவந்ததும் தெரிந்தது. யார் பிழைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தான். அன்னிக்கு வர வேண்டிய பாட்டு இன்னிக்குத்தான் வந்து சேந்துது" என்று சொன்னாராம்.

அதன்பிறகு ஒரு முறைகூட செட்டு என் காலை வாரிவிட்டதில்லை. நான்தான் விடுவதில்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் செட்டு அணைந்திருக்கவேண்டும், எஞ்சினை நிறுத்துவதற்கு முன்னாலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் கேசட்டை வெளியே எடுத்துவிடுவேன். அழுத்தியபடியே விட்டால் அந்த ரப்பர் உருளை பள்ளமாகிவிடும், பாட்டு நொண்டும். நம் ஊர் வெயிலில் கோட்டைப் பாறையே கொதிக்கும்போது கேசட் எம்மாத்திரம்? நீ டேஷ்போர்டின்மேல் பரப்பி வைப்பாயே, அதெல்லாம் இனி கிடையாது. சீட்டுக்கு அடியில் துணி சுற்றிய டப்பாவில், செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு தூங்குகின்றன. அவ்வப்போது ஒவ்வொன்றையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டு நாடாவைத் தளர்த்துகிறேன். சத்தம் கூட்டும் குமிழ் கரகரத்தால் நாலு தடவை முழுக்கத் திருப்பிவிடுகிறேன். கரப்பான் கடித்த பின் ஸ்பீக்கர் காகிதத்துக்கு மெல்லிய தாளைப் பசைவைத்து ஒட்டியிருக்கிறேன். பாட்டுப் போட்டால் குமிழை முழுக்கத் திருகுவதில்லை, அது கத்தும், பாடாது. அவலூர்பேட்டை சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் அதே நாயனக் கேசட் இன்னொன்று கிடைத்தது, மாற்றுக்கு இருக்கட்டும் என்று வாங்கிவைத்திருக்கிறேன்.

இதில் எதை நீ செய்திருப்பாய் சொல்? பெருமை பேசாதே என்று சொல்லாதே. இன்றைக்கு என் முறை.

பெரியப்பாவின் மகள் தேவகி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பாண்டியில் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை போனிலேயே சொல்லிவிட்டார், குழந்தையின் போட்டோவும் அனுப்பிவிட்டார். ஆனாலும் பெரியப்பா சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லையாம். "போன்ல ஆயிரம் சொல்லுவான். ஏரிக்கரைல கேக்கட்டும், அப்புறம் பிரிக்கலாம்" என்று படித்துறையில் உட்கார்ந்திருந்தாராம். நான் போட்டேன். நாங்கள் வாசலுக்கு வந்தபோது தெருவே சர்க்கரை தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு வண்டியின்மேல் சாய்ந்துகொண்டு என்னிடம் ஒன்று கேட்டார்.

"ரோசலி, எனக்கு நெஜமாவே வர்ற அன்னிக்கு நீதான் ஓட்டிக்கினு வரணும்."

"இன்னா பெரிப்பா, நல்ல நாள் அதுவுமா."

"கேளு. செட்டு நல்லா இருக்கணும். நல்லா இருந்தும் போடாம வரணும். ஒருதரம் எனக்கு ரிப்பேர்ல அழுதாங்க. அடுத்த தரம் ஒழுங்கா அழட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன்.

போன வாரம் அந்த நாள் வந்தது, நைனா.

பழைய நோவுதான் திரும்பி வந்தது. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாண்டியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு நினைவு இருந்தது. அன்றுபோலவே பெரியம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார். திண்டிவனம் தாண்டியதும் கண்ணைத் திறந்து, "செட்டு நல்லா இருக்குதா?" என்றார். மெதுவாகப் பாட்டைப் போட்டேன். ஆஸ்பத்திரி ஊசி குத்திய கையைத் தூக்கிப் பெரியம்மா உள்ளங்கையில் தாளம் போட ஆரம்பித்தார். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தவில் எங்கே நின்று எங்கே எடுக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

தூரத்தில் செஞ்சி ராணிக்கோட்டை மலை தெரிய ஆரம்பித்த இடத்தில் பெரியம்மா, "ரோசலி, நிறுத்துமா" என்றாள். பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினேன். "வண்டிய இல்லமா" என்றாள். "பாட்ட."

நிறுத்தினேன். கேசட்டை வெளியே எடுத்து டப்பாவில் வைத்தேன். துணியையும் சரியாகத்தான் சுற்றினேன். பெரியம்மா அழவில்லை. அவர் கையைத் தன் கைக்குள் அப்படியே வைத்திருந்தாள். செஞ்சிக் கடைத்தெருவைத் தாண்டி, கோட்டை மலைகளையும் தாண்டி, எங்கள் இரண்டு பேர் மூச்சோடு வந்து சேர்ந்தோம்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் நாலு கண்ணாடியையும் இறக்கினேன். எதற்கு இறக்கினேன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. எதிர்க்கரைப் படித்துறையில் ஆட்கள் நின்றார்கள். எஞ்சின் சத்தம் மட்டும் தண்ணீர்மேல் போயிருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. வாசலில் பெஞ்சு கிடந்தது. செட்டு கெட்டுப்போச்சா என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே வண்டியை நிறுத்தினேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை, நைனா. காசியம்மாதான் என் ஜன்னலுக்கு வந்தாள். என் கன்னத்தைத் தொட்டு, "செட்ட நிறுத்திட்டியாமா?" என்றாள்.

"நிறுத்திட்டேன் அத்த" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் தலைமுடியை அவிழ்த்தாள்.

கெட்டுப்போச்சா என்று கேட்டிருந்தால் நான் உடைந்து போயிருப்பேன். நிறுத்திட்டியா என்று கேட்டாளே, அந்த ஒரு கேள்வியில் அவள் அன்று சொன்ன பழமொழி, உன் பேரைச் சொல்லி வந்த பேச்சு எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. பெரியப்பாவுக்காக அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒரு பெருமை நிமிர்ந்து நின்றது. அது தப்பா? சாவு வீட்டில் பெருமைப்படுகிறவளை நீ என்ன சொல்வாய்? எனக்கென்னவோ நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய் என்று தோன்றுகிறது.

பெரியப்பா இதற்குள் அங்கே வந்து சேர்ந்திருப்பார். அவர்கள் வைகுண்டமும் நம் மோட்சமும் ஊரில் இருப்பதுபோல் பக்கத்துப் பக்கத்துத் தெருவாகத்தான் இருக்கும். பீடி இருந்தால் பங்கு கொடு. செட்டு எப்படி இருந்தது என்று அவரையே கேள். தவில் கேட்டதா என்று முக்கியமாகக் கேள்.

நம் வீட்டுச் சேதியும் சொல்லிவிடுகிறேன். அம்மா சுகம். அந்தச் செபமாலையைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். விட்டுப்போன கண்ணிகளைச் சேர்த்துக் கட்டி, இப்போது அதில்தான் உனக்காகச் செபிக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் உன்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் சிலுவை போடுகிறாள். தம்பி இப்போது வண்டியை விற்கச் சொல்வதில்லை. போன முறை வந்தபோது, ஏரிக்கரையில் தானே பாட்டுப் போடுவதாகக் கையை நீட்டினான். "ஏய், கைய எடு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை, எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்தேன். அந்த விஷயத்தில் மட்டும் நான் உன்னைப்போல் இல்லை.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு வருவேன். அதற்கு முன்னால் இந்த வாக்கைப் பிடி. நான் ஓட்டுகிறவரை அந்தத் திருப்பத்தில் எந்த நாளாவது பாட்டு கேட்காமல் போனால், அது செட்டு கெட்டதால் இருக்காது நைனா. நான் நிறுத்தியதால்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் செட்டைத் தொட்ட மகள்,
ரோசலி